முதலாளி முகத்தில் பூத்த உப்பு

தூத்துக்குடியில் உப்பைத் தெரியாதவன் கிடையாது. தெரியாதது மாதிரி இருக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேரை நான் பார்த்திருக்கிறேன். மூவரும் உப்பளக்காரர்கள். நான் ரைட்டராக வேலை பார்த்த ஹைஸ்கூலின் கமிட்டி என்பது அந்த மூன்று பேர்தான். ஒரு மாணவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்குவதற்காக அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை கூடினார்கள். அந்த விசாரணையில் என்ன நடந்தது என்பதை அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே, புதன்கிழமையே, நான் எழுதி முடித்திருந்தேன். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. வெட்கத்தால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்து மூன்று வயது. பள்ளிக்கூட ரைட்டர் என்றால் ஆஜர்ப் பட்டியல் கூட்டுவது, இலாகாவுக்குக் கடுதாசி எழுதுவது, வருகிறவனுக்கு அட்மிஷனும் போகிறவனுக்கு டி.சி.யும் எழுதிக் கொடுப்பது. டைப் மெஷினுக்கு ரிப்பன் கிடைக்காத நாட்கள், அதனால் எல்லாம் கையெழுத்துதான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

கமிட்டித் தலைவருக்குப் பள்ளிக்கூடத்தில் தாளாளர் என்று பட்டம். ஊரில் அவர் முதலாளி, ஆகவே பள்ளிக்கூடத்திலும் முதலாளிதான். பனங்காட்டுக் கிராமத்திலிருந்து வந்து, கடையில் தொடங்கி, அளம் வாங்கி, கல்கத்தாவுக்குக் கப்பல் கப்பலாக உப்பு அனுப்புகிற அளவுக்கு வளர்ந்தவர். உழைத்து வளர்ந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் வளர்ந்தபிறகு அவருக்கு ஒரு ஆசை வந்தது. பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை ஹாலில் தன் படம் இருக்க வேண்டும். மாட்டி வைக்கிற படம் போதாது, அதை யாராவது ஒரு நாள் கழற்றிவிடலாம் அல்லவா. சுவரிலேயே சாயத்தில் எழுதிவிட வேண்டும் என்றார்.

அந்த ஹாலைக் கட்டியவர் முதலாளியின் மைத்துனர். ஆற்று மணல் வேண்டுமென்றால் தாமிரபரணிக் கரையிலிருந்து வண்டி கட்டி வர வேண்டும். கடல் மணல் கூப்பிடு தூரத்தில் கிடந்தது. விடியற்காலையில் மணல் வண்டிகள் எந்தத் திசையிலிருந்து வந்தன என்று மாப்பிள்ளையூரணியிலிருந்து மோர் விற்க வருகிற பெண்களைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பார்கள். அந்த மணலைப் பள்ளிக்கூடத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவரின் மேல் டிராயிங் மாஸ்டர் முதலாளியை ஆள் உயரத்துக்கு எழுதினார். கழுத்துக்கு மேலே முதலாளி, கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு ஜமீன்தார். தலைப்பாகை, கோட்டு, கடிகாரச் சங்கிலி. நிஜத்தில் முதலாளி கோட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை.

படம் எழுதி முடித்தது ஆவணியில். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல மழை. சுவர் தண்ணீரைக் குடித்தது. தை பிறந்து காற்று காய்ந்ததும் சுவர் குடித்ததைக் கக்கியது. கடலோரத்தில் வீடு கட்டிய எவனுக்கும் இது தெரியும். ஈரம் வற்றும்போது உள்ளேயிருக்கிற உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். விரலால் தட்டினால் பொருபொருவென்று உதிரும். ஒரு திங்கட்கிழமை காலையில் பிரார்த்தனைக்கு மணி அடித்துப் பிள்ளைகள் ஹாலுக்குள் போனபோது முதலாளியின் முகம் நெற்றியிலிருந்து மீசைவரை வெளுத்துக் கிடந்தது. ஒரு கன்னத்தில் சாயம் செதிலாகப் பெயர்ந்து தொங்கியது. முன்வரிசைச் சிறுசுகள் சிரித்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் பிரார்த்தனையை நிறுத்திவிட்டு, பியூனைக் கூப்பிட்டு, ஜமக்காளத்தைக் கொண்டுவந்து படத்தை மூடச் சொன்னார்.

ஹெட்மாஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆற்றங்கரை நெல் வயல் கிராமத்துக்காரர். இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். யார் நினைத்தாலும் தடுக்கவும் மாட்டார்.

முதலாளிக்குச் சொல்லி அனுப்பும் முன்பே குற்றவாளி யார் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் டிராயிங் மாஸ்டர். முதலாளியின் முகம் உரிந்தது சாயத்தின் குறையால் என்று ஆகிவிட்டால் அவர் வேலை போய்விடும். அதனால் யாரோ எதையோ எறிந்திருக்க வேண்டும். வெள்ளையாக இருப்பதால் அது சுண்ணாம்பாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு என்றால் சுண்ணாம்புக்காரன் மகன். இதற்கு அவருக்குக் கால் மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

அந்த மாணவன் ஆறாவது பாரத்தில், பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில், படித்தான். அவனுடைய தகப்பனார் ஊருக்கு வெளியே சிப்பி சுடுகிற காளவாசல் வைத்திருந்தார். முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் கரையில் மலை மலையாகக் குவிந்த சிப்பி அவர்களுக்கு மூலப்பொருள். சிப்பியைச் சுட்டு, நீற்றி, சுண்ணாம்பாக்கி விற்பார்கள். நீற்றும்போது தெறித்த சுண்ணாம்பில் தகப்பனாருக்கு ஒரு கண் போயிருந்தது. இன்னொரு கண்ணிலும் எப்போதும் நீர் வடியும். பையன் அந்தத் தெருவிலிருந்து ஆறாவது பாரம்வரை வந்த முதல் ஆள். எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் சரக்கு எண்ணி எழுதுகிற குமாஸ்தா வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. தேறினால் துறைமுகம், இல்லையென்றால் காளவாசல். அவனுக்கு இருந்தவை அந்த இரண்டு வழிகள்தான், காளவாசல் என்றால் அவன் கண்ணும் அதில் அடக்கம்.

அவன் சுண்ணாம்பு வாளியோடு சனிக்கிழமை சாயங்காலம் ஹாலுக்குள் போனதைப் பார்த்ததாக டிராயிங் மாஸ்டர் எழுதிக் கொடுத்தார். அது உண்மைதான். ஆண்டு விழாவுக்காக வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கொண்டுவா என்று அவனிடம் சொன்னதே பள்ளிக்கூடம்தான். சொன்னவர் ஹெட்மாஸ்டர். அந்த விவரம் டிராயிங் மாஸ்டரின் கடுதாசியில் இல்லை. ஹெட்மாஸ்டரின் ஞாபகத்திலும் இல்லை.

திங்கட்கிழமையே அவனை வகுப்புக்குள் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடிகிறவரை என்று சொன்னார்கள். அவன் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே இருந்த உடைமரத்தின் கீழே புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மணி அடிக்கும்போது பாடத்தை மாற்றிக்கொள்வான். கணக்கு பீரியடில் கணக்கு, சரித்திர பீரியடில் சரித்திரம். என் மேஜை ஜன்னலோரத்தில் இருந்ததால் அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

புதன்கிழமை ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். இலாகா விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு மாணவனை நீக்குமுன் குற்றத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், பெற்றோருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், அவன் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும், நடந்ததன் நகலை இன்ஸ்பெக்டருக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. நான் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சரிவே, எல்லாத்தையும் முறைப்படி செஞ்சிருவோம். ஒண்ணும் விட்டுறக் கூடாது" என்றார். "மினிட்ஸை இப்பமே எழுதி வச்சிரும். வெள்ளிக்கிழமை முதலாளிக்குக் கப்பல்ல உப்பு ஏத்துத சோலி இருக்கு. உக்காந்த உடனே கையெழுத்துப் போட தோதா இருக்கணும்."

"பையன் என்ன சொல்லுதான்னு தெரியாதே, ஸார்" என்றேன்.

"அதுக்கு ஒரு நாலு வரி இடம் விடும்."

நான் நாலு வரி இடம் விட்டேன். மற்றதெல்லாம் எழுதினேன். கமிட்டி கூடியது என்று எழுதினேன். சாட்சி விசாரிக்கப்பட்டார் என்று எழுதினேன். தகவல் கொடுத்தும் பெற்றோர் வரவில்லை என்று எழுதினேன். தகவலை அப்போதுதான் பியூன் கையில் கொடுத்து அனுப்பியிருந்தோம். அதுவும் இங்கிலீஷில். சுண்ணாம்பு வீசியது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று என்று எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருந்தது. ஹெட்மாஸ்டர் பாராட்டினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி ஹாலிலேயே கூடியது. முதலாளி நடுவில், மற்ற இரண்டு அளத்துக்காரர்களும் இரு பக்கமும். தன் முகத்தை அழித்தவனைத் தானே உட்கார்ந்து விசாரிக்கிறோமே என்ற கூச்சம் முதலாளிக்கு இல்லை. அவர் பேரைச் சொல்லிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கும் இல்லை. முதலாளியின் வெற்றிலைச் செல்லம் மேஜைமேல் இருந்தது. ஜமக்காளத்தை விலக்கினார்கள். அதற்குள் நாலு நாளில் வெள்ளை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக் கோட்டுவரை வந்திருந்தது. மூடிக் கட்டிக் காவல் வைத்த சுவரில் நாலு நாளில் யார் வந்து இன்னும் சுண்ணாம்பு வீசினார்கள் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. நான் மினிட்ஸ் தாளை விரித்து வைத்துப் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டேன்.

உப்பளக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அளத்தில் வாரி வைத்த உப்பைக் கண்டால் ஒரு சிட்டிகை எடுப்பார்கள், விரல்களுக்கு நடுவில் தேய்ப்பார்கள், நாக்கு நுனியில் வைப்பார்கள். எந்தப் பக்கத்துப் பாத்தி, அவசரப்பட்டு வாரியதா, பக்குவம் பார்த்து வாரியதா என்று சொல்லிவிடுவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு பெருமை. முதலாளியே ஒரு முறை ஹெட்மாஸ்டர் அறையில் காகிதத்தில் மடித்து வந்த நாலு மாதிரியை நாக்கில் வைத்து, நாலும் எந்தெந்த அளம் என்று சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

பையனைக் கூப்பிட்டார்கள். துவைத்த சட்டை, கையில் ஒன்றுமில்லை. ஹெட்மாஸ்டர் கேட்டார், "ஒம் மேல என்ன குத்தம் சொல்லியிருக்குன்னு தெரியுமாடே?"

"தெரியும் ஸார்."

"ஒத்துக்கிடுதியா?"

"இல்ல ஸார். அது சுண்ணாம்பு இல்ல. உப்பு."

அந்த ஹாலில் உப்பு என்ற வார்த்தைக்கு ஒரு மரியாதை உண்டு. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர் சுவருக்கு அருகில் இருந்தார். அவர் கை தானாக நீண்டது. கோட்டின் ஓரத்தில் பூத்திருந்ததை ஒரு சிட்டிகை கிள்ளி விரலில் தேய்த்தார். வாய்க்குக் கொண்டுபோகிற வழியில் முதலாளி தன்னைப் பார்ப்பது தெரிந்தது. கையை மடிக்கு இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். தேய்த்த உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் உப்பு தேய்த்த விரல், அதற்கு நாக்கு தேவையில்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"உப்பு எப்படிலே செவத்துக்கு வரும்?" என்று கேட்டார் இடது பக்கத்துக்காரர்.

"மணல்ல இருந்து வரும்யா. இந்தச் செவத்துக்கும் எங்கப்பா சுண்ணாம்புதான் பூசியிருக்கு. அதுல ஒரு கொறையும் இல்ல. மணல்தான் கடல் மணல்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பதினேழு வயதுப் பையனுக்கு எதைச் சொல்லக் கூடாது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள். மைத்துனர் பெயரை அவன் எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. முதலாளி செல்லத்தைத் திறந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, விரலால் சுண்ணாம்பு தடவினார். அவசரமே இல்லாமல் மடித்து வாயில் போட்டுக்கொண்டார். வாயில் சுண்ணாம்பு, வீட்டில் உப்பு, இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டு ஒரு பள்ளிக்கூடப் பையனை நிறுத்தி வைத்திருந்தார் அந்த மனிதர்.

"ஆரு சொன்னா ஒனக்கு?" என்றார்.

"ஆரும் சொல்ல வேண்டாம்யா. புதுச் சுண்ணாம்பு நாக்குல பட்டா பொத்துப்போவும். உப்புன்னா கரிக்கும். உங்கள்ல ஆராவது ஒருத்தர் கொஞ்சம் எடுத்து வாயில வச்சுப் பாருங்க. பாத்துட்டு சுண்ணாம்புன்னு சொன்னியன்னா நான் ஒத்துக்கிடுதேன். வேற ஒண்ணும் கேக்கல."

இதைவிட நியாயமாக ஒரு மனிதன் தன் வழக்கை எதிரியின் கையிலேயே கொடுத்து நான் பார்த்ததில்லை. அவர்களுடைய தொழில், அவர்களுடைய நாக்கு, அவர்களே தீர்ப்புச் சொல்லலாம் என்றான். முதலாளி மெதுவாக ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"எம் மூஞ்சிய நக்கிப் பாக்கச் சொல்லுதான்வே இவன்."

அவ்வளவுதான் விசாரணை. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், ஹெட்மாஸ்டர் கையைக் காட்டி வெளியே போகச் சொன்னார். அவன் போன பிறகு ஹெட்மாஸ்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். "மாணவன் குற்றத்தை மறுத்ததோடு, கமிட்டித் தலைவரை அவர் முன்னிலையிலேயே அவமதிக்கும் சொற்களைப் பேசினான்." இரண்டு வரிதான் வந்தது. மீதி இரண்டு வரியில் கோடு போட்டேன்.

அவனுடைய தகப்பனார் வரவில்லை என்று ஏற்கனவே எழுதியிருந்தேன் அல்லவா. அவர் வந்திருந்தார். ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். இங்கிலீஷ் கடுதாசியைத் தெருவில் யாரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டு, தலையில் எண்ணெய் தடவி, தோளில் சலவைத் துண்டோடு வந்தார். கேட்டில் இருந்தவன் கடுதாசி கொண்டுபோன பியூன் இல்லை, அவரைச் சுண்ணாம்புக்காரராகத்தான் அறிவான். "வெள்ளையடிக்குத ஆளு பொறத்த இருக்கான், அங்கன போங்க" என்று பின்கட்டுக்கு அனுப்பிவிட்டான். அவர் அங்கே போய்க் கிணற்றடியில் நின்றார். கூப்பிடுவார்கள் என்று நின்றார். ஹாலின் பின் ஜன்னல் வழியாக அவர் எனக்குத் தெரிந்தார். நீர் வடிகிற கண்ணைத் துண்டின் நுனியால் ஒற்றிக்கொண்டிருந்தார். பெற்றோர் வரவில்லை என்ற வரியை ஹெட்மாஸ்டர் உரக்க வாசித்தபோதும் அவர் அங்கேயேதான் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கும் சம்பளம் இருந்தது, அம்மா இருந்தாள், தங்கை இருந்தாள். இப்படிச் சொல்லிக்கொள்ள எல்லாருக்கும் ஏதாவது இருக்கும்.

கையெழுத்துப் போடுகிற நேரத்தில் வலது பக்கத்துக்காரர் பேனாவை எடுத்துவிட்டுத் தயங்கினார். சிட்டிகை எடுத்துத் தேய்த்தவர்.

"அண்ணாச்சி, இந்தச் சுண்ணாம்பு சங்கதிய எடுத்துருவமே" என்றார் முதலாளியிடம். "மரியாதக்கேடுன்னு மட்டும் போட்டாப் போதும். அதுக்கு நாமளே சாட்சி."

அவருடைய மனசாட்சி அந்த அளவுக்குத்தான் நீண்டது. பொய்யில் கையெழுத்துப் போட மாட்டார், அதனால் பொய்யை மட்டும் எடுத்துவிட்டுத் தண்டனையை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார். முதலாளிக்கும் அது பிடித்திருந்தது. சுண்ணாம்பைப் பற்றி எழுதினால் இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்க்க வந்தாலும் வருவார். ஆக, எந்தக் குற்றத்துக்காக அவனை நாலு நாள் மரத்தடியில் உட்கார வைத்தார்களோ அந்தக் குற்றம் காணாமல் போயிற்று. குற்றம் இல்லை என்று சொன்னதற்காக அவனை நீக்கினார்கள்.

"அப்ப புதுசா எழுதணுமே" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நீரு எழுதிக்கிடும்வே ரைட்டர். நாங்க கீழ போட்டுத் தாறோம்" என்று முதலாளி ஒரு வெற்றுத் தாளை இழுத்தார். மூன்று பேரும் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார்கள். கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள். ஹெட்மாஸ்டர் அவர்களைக் காரில் ஏற்றிவிடப் பின்னாலேயே போனார். ஹாலைப் பூட்டிவிட்டு வரும்படி என்னிடம் சொன்னார்.

ஹாலில் நான் மட்டும் இருந்தேன், என் கையில் மூன்று கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள். சுவரிடம் போனேன். முதலாளியின் மீசையில் பூத்திருந்ததை விரலால் எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. சுத்தமான உப்பு, சோற்றில் போட்டுச் சாப்பிடலாம். ஒரு வினாடி வேலை. மூன்று பெரிய மனிதர்களால் முடியாத வேலை.

அந்தத் தாளில் நான் என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். கையெழுத்துப் போட்டவர்கள் அதைத் திரும்ப வாசிக்கப் போவதில்லை, ஹெட்மாஸ்டர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு உறையில் போடுவார், நகல் இன்ஸ்பெக்டருக்குப் போகும். அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தால் போதும். வாயில் வைத்துப் பாருங்கள் என்றான், யாரும் வைக்கவில்லை, அவன் தகப்பனார் பின்கட்டில் நிற்கிறார். மூன்று வரி. நாலு வரி என்ன, தாள் முழுக்க இடம் இருந்தது. நான் என் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, முதலாளி சொன்னபடி, முத்து முத்தாக எழுதினேன்.

அந்த மூன்று பேரையும் நான் வெறுத்தது உண்மை. இப்போதும் வெறுக்கிறேன். ஆனால் அவர்களுக்காவது காப்பாற்ற ஒரு முகம் இருந்தது, சுவர் இருந்தது, மைத்துனர் இருந்தார். எனக்கு ஒரு நாற்காலி இருந்தது, அதன் ஒரு காலும் ஆடிக்கொண்டிருந்தது.

டிராயிங் மாஸ்டர் ஆண்டு விழாவுக்குள் முகத்தைத் திரும்ப எழுதினார். அடுத்த தை மாதமும் அது வெளுத்தது. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக்காரர் மகன் யாரும் இல்லாததால் விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. படத்துக்கு முன்னால் பட்டுத் திரை ஒன்று போட்டார்கள். விருந்தாளிகள் வந்தால் திரைக்கு மாலை போட்டார்கள். கூச்சமே இல்லாமல் கை தட்டினார்கள்.

ஆனால் அது பிறகு. விசாரணை முடிந்த திங்கட்கிழமை அவன் டி.சி. வாங்க வந்தான். நடத்தை என்ற இடத்தில் சிவப்பு மையில் நான் எழுதியிருந்ததை நின்றபடியே வாசித்தான். அதோடு எந்தப் பள்ளிக்கூடமும் அவனைச் சேர்க்காது, அந்த வருஷப் பரீட்சையும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அழவில்லை. சட்டைக் கையில் ஏற்கனவே வெள்ளைத் தூள் படிந்திருந்தது. சனி ஞாயிறு காளவாசலில் நின்றிருக்கிறான் போல.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?" என்றான். அதுவரை அவன் என்னை ஸார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"கேளு."

"நீங்களாவது அத எடுத்து வாயில வச்சுப் பாத்தியளா?"

"இல்ல" என்றேன்.

தலையை ஆட்டினான். என்மேல் அவனுக்கு ஒரு கோபமும் இருந்ததாகத் தெரியவில்லை. டி.சி.யை நாலாக மடித்தான்.

"அதான பாத்தேன். பாத்திருந்தா எழுதியிருப்பிய" என்றான்.